நாள்களைப் பகிர்ந்துகொண்டதால் கூடிய வாய்ப்புகள்

நிகழ்ச்சி நெறியாளர்:

சிங்கப்பூரில் தமிழ் மேடைக் கலைஞர்களுக்கு வேலை குறைவு என்பதைவிட, வேலை ஒரே நாளில் வந்து குவிகிறது என்பதே சரி. தீபாவளியை ஒட்டிய வார இறுதிகளில் சமூக மன்றம், பள்ளி, நிறுவன விருந்து என ஒரே மாலைக்குப் பல அழைப்புகள் வரும். ஆடியிலும் மார்கழியிலும் திருமண மேடைகள் இல்லாததால் கைப்பேசி ஒலிக்கவே ஒலிக்காது. ஏற்க முடியாத அழைப்பை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் வழக்கம் எங்களிடையே நெடுங்காலம் இருக்கவில்லை.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கிய கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் மேடைகள் மூடப்பட்டபோதுதான், அதுவரை ஒப்பனை அறையில் தலையசைத்துவிட்டுக் கடந்துபோன நெறியாளர்களும் நடனமணிகளும் டிஜேக்களும் உருமி மேளக் குழுவினரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். மேடைகள் திறந்த பின்னரும் அதைக் கலைக்கவில்லை. நாள், இடம், நேரம், தரப்படும் தொகை ஆகிய நான்கையும் எழுதித்தான் ஒரு வாய்ப்பைக் குழுவில் போட வேண்டும். தொகையை வெளிப்படையாக எழுத முதலில் பலரும் தயங்கினார்கள். எழுதத் தொடங்கிய பிறகே, ஒரே ஏற்பாட்டாளர் ஒரே வேலைக்கு ஆளுக்கொரு விலை பேசி வந்தது தெரிந்தது. என்னைக் கேட்டால், குழுவால் கிடைத்த முதல் நன்மை இதுதான்.

சிராங்கூன் சாலை மண்டபமொன்றில் நடந்த திருமண விருந்தையும் சொல்ல வேண்டும். மணமக்கள் உள்ளே வரவேண்டிய நேரம் நெருங்கியபோது டிஜேயின் மிக்ஸர், அதாவது ஒலிகளைக் கலந்து தரும் கருவி, இயங்க மறுத்தது. குழுவில் ஒரு வரி எழுதினேன். ஃபேரர் பார்க் பக்கம் வேறொரு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த இன்னொரு டிஜே, தம் மிக்ஸரோடு பின்வாசல் வழியாக வந்து, மேசைக்கடியில் குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்துவிட்டு, மேடைப் பக்கமே வராமல் போய்விட்டார். இருவரும் ஒரே வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிட்டவர்கள். விவரம் அறிந்த மணமகனின் தந்தை, அடுத்து வந்த மகள் திருமணத்திற்கு இருவரையுமே அமர்த்தினார்.

உருமிக் கலைஞர்:

எங்கள் நிலை சற்று வேறானது. தைப்பூச ஊர்வலப் பாதையில் 1973 முதல் இருந்த இசைத் தடை தளர்ந்து, 2016இல் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தபோது மகிழ்ந்தோம். ஆனால் முருகனுக்கு வாசிப்பது எங்களுக்குத் தொண்டு, அதில் வருமானம் பார்ப்பதில்லை. வருமானத்திற்குப் பள்ளிகளும் சமூக மன்றங்களும் வேண்டும். அங்கே நிகழ்ச்சிக்கு முன் விலைக்குறிப்பும் முடிந்தபின் பணம் பெற விலைப்பட்டியலும் கேட்பார்கள் என்பதால், தனியாக மேளம் வாசிப்பவர் பெரும்பாலும் தயங்கி ஒதுங்கிவிடுவார். எங்களில் ஒருவர், தொழில்களையும் நிறுவனங்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தம் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார். நெறியாளர், நடனம், உருமி மூன்றையும் சேர்த்து அவர் பெயரில் ஒரே விலைக்குறிப்பாகக் கொடுக்கிறோம். ஆசிரியர்களுக்கும் மூவரிடம் தனித்தனியே பேசும் வேலை மிச்சம்.

பணம் வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். மூத்தவர்கள் நாங்கள் காத்திருக்கலாம். ஆனால் குழுவிலுள்ள தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்த அன்றே பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதற்கென ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வருகிறோம்.