3 டெஸ்லா எம்ஆர்ஐ வருகிறது: எதை முதலில் படிப்பது?

கேள்வி: இதுவரை 1.5 டெஸ்லா (காந்தப் புல வலிமையின் அலகு) எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியில்தான் வேலை. அடுத்த மாதம் 3 டெஸ்லா கருவி வருகிறது. நிறுவனத்தார் தரும் பயிற்சி பொத்தான்களோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. இயற்பியலை எங்கே தொடங்கலாம்?

மூத்த டெக்னாலஜிஸ்ட்: வெப்பத்தில் தொடங்குங்கள், தம்பி. உடலிலுள்ள ஹைட்ரஜன் பதிலளிக்கும் ரேடியோ அதிர்வெண் 64 மெகாஹெர்ட்ஸிலிருந்து 128 ஆகிறது. உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றலோ ஏறத்தாழ நான்கு மடங்கு. பழைய புரோட்டோகாலை (ஸ்கேன் அமைப்புகளை) அப்படியே ஏற்றினால் கருவியே தடுக்கும். 1.5-இல் அனுமதித்த இம்பிளாண்ட் (நோயாளியின் உடலுக்குள் பொருத்திய சாதனம்) 3-இலும் ஆகும் என்று டாக்டரே சொன்னாலும் நம்பாதீர்கள்! தயாரிப்பாளர் 3 டெஸ்லாவுக்கென எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ரேடியாலஜி மாணவி: டி1 நேரமும், அதாவது ரேடியோ துடிப்புக்குப் பின் திசுவின் ஹைட்ரஜன் பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரமும், நீள்கிறது. மூளையின் டி1 படங்களில் திசுக்களுக்கிடையேயான வேறுபாடு மங்கும். டிஆரை (ஒரு ரேடியோ துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை) மாற்றிப் பாருங்கள்.

கேட்டவர்: இம்பிளாண்ட் அட்டையைத் தொலைத்தவர்களுக்கு?

மூத்த டெக்னாலஜிஸ்ட்: பொருத்திய மருத்துவமனையில் மாடல் எண்ணை வாங்குங்கள். அவசரமென்றால் ரேடியாலஜிஸ்ட் முடிவெடுக்கட்டும், நீங்கள் அல்ல.