ஒன்றரை வயசு வாலோட வீட்ல கிறிஸ்துமஸ், மரம் வைக்கலாமா வேணாமா?

ஜோஷ்வா_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் பையன் கைக்குழந்தை, மடிலயே கிடந்தான். இந்த வருஷம் நடக்குறான், ஏறுறான், கைக்கு கிடைச்சத எல்லாம் வாய்ல வைக்கிறான். மரம், இயேசு பிறந்த தொழுவத்த காட்டுற குடில், ஸ்டார் எல்லாம் வைக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆசை, ஆனா வீட்டுக்காரர் இந்த வருஷம் ஒன்னும் வேணாம், இழுத்து மேல போட்டுக்குவான்னு சொல்றார். குழந்தை இருக்குற வீட்ல தானங்க கிறிஸ்துமஸ் களைகட்டணும்? அப்புறம் 24 ராத்திரி பூசைக்கு தூக்கிட்டு போறதா, காலைல போறதா, அதுலயும் ஒரே குழப்பம்.

மல்லி_கொடி:
தாராளமா வைங்க சிஸ். மரத்த மூலைல வெச்சு, நடுத்தண்டுல கயிறு கட்டி சுவத்து கொக்கில இழுத்து கட்டிடுங்க, அவன் புடிச்சு இழுத்தாலும் சாயாது. கண்ணாடி குண்டு, கம்பி கொக்கி எல்லாம் மேல, அவன் கை எட்டுற உயரத்துல துணி பொம்மை, ஃபெல்ட் ஸ்டார் மட்டும். கழட்டட்டும், திரும்ப மாட்டட்டும், அதான் அவனுக்கு விளையாட்டே. ஜிகினா தோரணம் மட்டும் வேண்டவே வேணாம், பிச்சு வாய்ல போட்டுக்குவாங்க.

எனக்கு பெரிய பயம் பட்டன் பேட்டரி தான், காசு மாதிரி சின்னதா வட்டமா இருக்குமே அது. பாட்டு பாடுற கார்டு, மினுக்குற பொம்மை, பேட்டரி மெழுகுவர்த்தி, இந்த சீசன்ல எல்லாத்துலயும் அது இருக்கு. முழுங்கி தொண்டைக்கு கீழ மாட்டிக்கிச்சுன்னா 2 மணி நேரத்துலயே உள்ள சதைய பொசுக்கிடும், தீந்து போன பேட்டரியும் அப்படித்தான். ஸ்க்ரூ போட்டு மூடுற மூடி இருந்தா மட்டும் வீட்டுக்குள்ள விடுங்க. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும்.

ரெட்டைவால்_அப்பா:
கயிறு கட்டுறது சரி, ஆனா கீழ மாட்டி விட்டு விளையாட விடுறதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. கீழ தொடலாம் மேல தொடக்கூடாதுன்னா இந்த வயசுக்கு புரியாது, நாள் முழுக்க நாம "டேய் டேய்"னு கத்திட்டே இருக்கணும், குழந்தைக்கும் பாவம். சின்ன மரமா உயரமான அலமாரி மேல வைங்க, லைட் வயர் தொங்காம பாத்துக்கோங்க, போதும்.

பூசை விஷயத்துல, 1 வயசுல இருந்து 2 வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து 11லருந்து 14 மணி நேரம் தூங்கணும்னு டாக்டர்ங்க சொல்றாங்க. நடுராத்திரி எழுப்பி, அந்த கூட்டத்துல, ஸ்பீக்கர் சத்தத்துல உக்கார வெச்சா மறுநாள் முழுக்க சிணுங்கல் தான். காலைப் பூசையும் பூசை தான், நிம்மதியா போய்ட்டு வாங்க. இல்லன்னா ஒருத்தர் ராத்திரி, ஒருத்தர் காலைல.

தேன்மொழி_அக்கா:
குடில யாரும் பேசலையே! 1223ல இத்தாலில கிரெச்சோங்குற ஊர்ல புனித பிரான்சிஸ் வைக்கோல் போட்ட தீவனத்தொட்டியும் நெஜ மாடு கழுதையும் வெச்சு தான் பிறப்பு காட்சிய ஜனங்களுக்கு காமிச்சார், எல்லாரும் கண்ணால பாக்கட்டும்னு. அப்போ அது குழந்தைக்கும் தானம்மா. உடையுற சுரூபங்கள மேல வெச்சுட்டு, துணிலயோ மரத்துலயோ ஒரு செட் அவனுக்குன்னு தரைல வைங்க. டாய்லெட் பேப்பர் ரோல் ஓட்டைக்குள்ள நுழையுற சைஸ்ல எதுவும் இருக்கக்கூடாது, தொண்டைல அடைச்சுக்கும், அது மட்டும் கவனம். எங்க பேத்தி மாதாவோட கணவர் சூசையப்பர் பொம்மைய விட்டுட்டு ஆட்டுக்குட்டிய மட்டும் தூக்கிட்டு போய் தலகாணில படுக்க வெச்சு தட்டிக் குடுப்பா, நான் பக்கத்துல உக்காந்து கதை சொல்லுவேன்.

கிஃப்ட் எல்லாம் ஒரே நேரத்துல பிரிக்காதம்மா, காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னு. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துல யாராச்சும் வந்தா மடில திணிக்க வேணாம், அந்த தாடிய பாத்து வீல்னு அழுவாங்க, உன் இடுப்புல இருந்தபடியே தூரமா பாக்கட்டும்.

ஜோஷ்வா_அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா சொன்ன துணி குடில் இன்னைக்கே தைக்க ஆரம்பிக்கிறேன். மரம் அலமாரி மேலன்னதும் வீட்டுக்காரரும் சரின்னுட்டார். பொம்மைங்களுக்கு கண்ணு பட்டன் வெச்சு தைக்கலாமா?

மல்லி_கொடி:
பட்டன் வேணாம் சிஸ், கடிச்சே பிச்சிடுவான். கருப்பு நூல்ல கண்ணு எம்ப்ராய்டரி போட்டுடுங்க.