ஹவாயிக்கு வெளியே ஹவாயியர்: கண்டவையும் கேட்டவையும்

லாஸ் வேகாஸில் வசிக்கும் உறுப்பினர் எழுதுவது:

ஹவாயித் தீவுகளில் நான் இதுவரை கால் வைத்ததில்லை. அத்தீவுகளின் கதைகள் எனக்குக் கிடைத்ததெல்லாம் நெவாடா பாலைவனத்தில்தான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹவாயிப் பூர்வகுடியினரில் பாதிக்கு மேற்பட்டோர் தீவுகளை விட்டு அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்கின்றனர். வீட்டு விலையும் வாடகையும் தாங்காமல் இங்கே வந்து சேர்ந்தவர்கள் இந்நகரை 'ஒன்பதாவது தீவு' என்று அழைக்கின்றனர். 1975இல் திறக்கப்பட்ட கலிஃபோர்னியா ஹோட்டல் ஹவாயிப் பயணிகளை நம்பியே தன் தொழிலை நடத்தியது. மாட்டுவால் சூப்புக்காக அங்கே செல்லும் குடும்பங்களை இன்றும் காணலாம்.

எங்கள் தெருவில் ஹவாயியின் ஹிலோ நகரில் பிறந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ஹவாயியில் மூத்த பெண்கள் எல்லோரையும் 'ஆன்ட்டி' என்றே அழைப்பது வழக்கம் என்பதால் எனக்கும் அவர் ஆன்ட்டிதான். அவருடைய வாசலின் இருபுறமும் தொட்டிகளில் 'கீ' செடிகள் நிற்கின்றன; நம் ஊர்ப் பூங்காக்களில் சிவந்த இலைகளோடு அழகுக்காக வளர்க்கப்படும் கோர்டிலைன் இனமே அது. இந்த வெயிலில் அதன் இலைகள் ஓரம் கருகும். உறைபனி விழும் இரவுகளில் தொட்டிகளை வீட்டுக்குள் இழுத்து வைக்க வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டபோது, அது நிற்கும் வீட்டைத் தீயவை அண்டாது என்று சொல்லிவிட்டு, இரவு அணிவகுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

'ஹுவாகாய் போ' எனப்படும் அந்த அணிவகுப்பில், இறந்துபோன வீரர்களும் தலைவர்களும் தீப்பந்தங்களோடும் முரசொலியோடும் பழைய பாதைகளில் நடந்து செல்வார்கள். எதிர்ப்பட்டவர் முகம் கவிழ்ந்து தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். ஏறிட்டுப் பார்த்தால் உயிர் போய்விடும். ஆனால் அந்தப் படையில் அவருடைய முன்னோர் ஒருவர் இருந்து, 'இவன் என்னுடையவன்' என்று குரல் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்களாம். எனக்கு அச்சமூட்டும் பகுதியைவிட இந்த விதிவிலக்குதான் மனத்தில் தங்கியது.

இங்கேயும் அவர்கள் வருவார்களா என்றேன். "இந்த ஊரில் அவர்களுக்குப் பாதை ஏது?" என்று ஆன்ட்டி சிரித்தார். ஓவாஹு தீவில் பாலி மலைச்சாலை வழியாகப் பன்றி இறைச்சி கொண்டு சென்றால் வண்டி நின்றுவிடும் என்பார்கள். எரிமலைத் தெய்வமான பெலேவும் பன்றி உருவெடுக்கும் கமபுவாவும் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டதால் வந்த விலக்கு அது. அந்தச் சட்டமும் நெவாடா மலைகளில் செல்லாதாம். ஆனால் இரவில் பேரன் விசிலடித்தால் மட்டும் அவர் உடனே அதட்டுகிறார், விசில் அவர்களை அழைத்துவிடும் என்று. இரவில் விசிலடித்தால் பாம்பு வரும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அதட்டல் புதிதாக இல்லை. பாதையே இல்லாத ஊரில் யார் வரப்போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. மலைக்கும் சாலைக்கும் உரிய விலக்குகளைத் தீவிலேயே விட்டுவிட்டு, வாசலுக்கும் உடம்புக்கும் உரியவற்றை மட்டும் இவர்கள் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஒருமுறை அவரை ஹவாயி நடனமான ஹுலா வகுப்புக்குக் காரில் அழைத்துச் சென்றேன். சலவைக் கடைக்கு அடுத்த ஒரு சாதாரணக் கூடம்தான் அவர்களுடைய ஹாலாவ், அதாவது ஹுலாப் பள்ளி. மாணவிகள் நேராக உள்ளே செல்லவில்லை. தகிக்கும் வாகன நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்று, நுழைய அனுமதி கேட்கும் ஓதலைப் பாடினார்கள். உள்ளிருந்து குமு, அதாவது ஆசிரியர், பதில் ஓதலைப் பாடினால்தான் வாசலைக் கடக்கலாம். குரல் தளர்ந்திருந்ததாலோ என்னவோ பதில் வரவில்லை. அவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள், மறுபடியும் நின்றார்கள். பெரும்பாலோர் பெருநிலத்தில் பிறந்த பெண்கள். 1896ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிய பின் ஹவாயி மொழி வீடுகளிலும் தேய்ந்தது. 1978இல்தான் அது மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றானது. பள்ளியில் அம்மொழியைக் கற்க வாய்ப்பில்லாத ஆன்ட்டி, பேத்தி வயதுப் பெண்கள் அதில் அனுமதி கேட்பதைக் காரிலிருந்தபடியே உதடசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எரிமலைக் கல்லை எடுத்து வந்தால் பெலேவின் சாபம் பிடிக்கும் என்ற கதையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். அஞ்சிய சுற்றுலாப் பயணிகள் மன்னிப்புக் கடிதத்தோடு தேசியப் பூங்காவுக்குக் கற்களைத் திருப்பி அனுப்புவது உண்மைதான். ஆனால் அந்தச் சாபம் பழைய மரபைச் சேர்ந்ததன்று. ஆன்ட்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை.

யூட்டாவில் வசிக்கும் உறுப்பினரின் மறுமொழி:

தாங்கள் சொன்னதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய உதாரணம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. சால்ட் லேக் நகருக்குத் தென்மேற்கே ஸ்கல் பள்ளத்தாக்கில், மார்மன் சமயத்தைத் தழுவிய ஹவாயியர் 1889இல் இயோசெபா என்ற ஊரை உருவாக்கினர். நகரத்தில் புறக்கணிக்கப்பட்ட அவர்களுக்குத் திருச்சபை வாங்கித் தந்த வறண்ட பண்ணை அது. கடலையே காணாத அந்த மண்ணில் வயலும் வீதியும் அமைத்து வாழ்ந்தனர். கடுங்குளிரையும் நோயையும் தாங்கினர். ஓவாஹுவின் லாயியே ஊரில் மார்மன் கோயில் எழுப்பப்படும் என்று 1915இல் அறிவிப்பு வந்ததும் குடும்பங்கள் புறப்பட்டன. 1917க்குள் ஊர் காலியாகிவிட்டது.

எஞ்சியிருப்பது இடுகாடுதான். மே மாதக் கடைசித் திங்களான நினைவு நாளை ஒட்டி வழித்தோன்றல்களும் சமோவா, டோங்கா வழிவந்தோரும் அங்கே கூடிக் கல்லறைகளுக்கு மலர்மாலை சூட்டுகிறார்கள். நான் சென்றிருந்தபோது குழியில் சுட்ட பன்றியும் ஹுலாவும் இருந்தன. ஒரு மூத்தவர் என்னிடம் ஊரைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். கல்லறைகளுக்கு இடையே பச்சைக் கீ இலைகளைக் கண்டு, இங்கே வளருமா என்று விசாரித்தேன். குளிர் விடாது, பெட்டியில் வைத்து விமானத்தில் வரவழைத்தோம் என்றார்கள்.

செல்ல விரும்புவோர் பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் கடைகள் இருக்குமென்று நம்பிப் போக வேண்டாம்.