ஒத்தி பத்திரம் என் புருஷன் பேர்ல, காசு என் நகைய அடகு வச்சது. நான் வீட்ட காலி பண்ணித்தான் ஆகணுமா?

வைகை_வடகரை:

எல்லாருக்கும் வணக்கம். இத யார்ட்ட கேக்குறதுன்னு தெரியாம தான் இங்க போடுறேன், பேரு வேணாம். மதுரை ஆனையூர் பக்கம் ஒரு மாடி வீட்டுல 4 வருஷமா ஒத்திக்கு இருக்கோம். ஒத்தி 4 லட்சம், அதுல 2 லட்சத்து 80 ஆயிரம் என் நகைய பேங்க்ல அடகு வச்சு எடுத்த காசு, இன்னும் திருப்பல, வட்டி நான் தான் கட்டிட்டு இருக்கேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைல வேலை பாக்குறேன். ஆனா பத்திரம் எங்க வீட்டுக்காரர் பேர்ல மட்டும் தான் இருக்கு, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து, ரிஜிஸ்டர் எல்லாம் பண்ணல.

அடி உதை கல்யாணமான ரெண்டாம் வருஷத்துல இருந்தே இருக்கு, அத விரிவா எழுத மனசு வரல. போன மாசம் மணிக்கட்டுல விரிசல் விட்டுப்போச்சு, பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் கேட்டப்ப பக்கத்துலயே அவரு நின்னதால படியில விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் மகளிர் ஸ்டேஷன்ல புகார் குடுத்தேன், ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசி எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. இப்ப அவரு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு. போனவரு சும்மா இல்ல, ஓனருக்கு போன் பண்ணி நான் வீட்ட விடுறேன், ஒத்திப் பணத்த என் கையில குடுத்துருங்க, அவள காலி பண்ணச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாரு. ஓனரம்மா கீழ் வீட்டுல தான் இருக்காங்க, இத்தன நாள் எம் பிள்ளைகளுக்கு சோறு போட்டவங்க தான், ஆனா பத்திரம் அவர் பேர்ல இருக்கும்மா நான் என்ன செய்ய, மாசக் கடைசிக்குள்ள சாவிய குடுத்துரு, இல்லாட்டி மோட்டார் போட மாட்டேன்னு சொல்றாங்க. புது பார்ட்டி வந்து வீட்ட பாத்துட்டும் போயிட்டாங்க.

பெரியவ 7ஆவது, சின்னவன் 3ஆவது, ஸ்கூல் நடந்து போற தூரம். எங்கம்மா உசிலம்பட்டில இருக்காங்க, அண்ணன் வந்துரு வந்துருன்னு சொல்லுது, ஆனா அங்கிட்டு போனா என் வேலை போயிரும். வேற வீடு நாலு எடத்துல கேட்டேன், எல்லாரும் மொத கேள்வியே புருஷன் எங்கன்னு தான். எனக்கு இந்த வீட்டுல இருக்க உரிமை இருக்கா இல்லையா? அந்தப் பணத்த அவரு வாங்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?

மேலூர்_பாதை:

தங்கச்சி, வீடு போனா வேற வீடு, உயிரு போனா வராது. பிள்ளைகள கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிரும்மா. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா வருஷக்கணக்கா இழுக்கும், எங்க சொந்தத்துல பாத்திருக்கேன். பணத்த அப்புறம் பெரிய மனுசங்கள வச்சு பேசி வாங்கிக்கலாம்.

கோர்ட்டுவாசல்_அக்கா:

மேல சொன்ன அண்ணன் அக்கறையில சொல்றாரு, புரியுது. ஆனா பணத்த அப்புறம் பேசி வாங்கிக்கலாம்னு விட்டவங்க எத்தன பேரு வெறுங்கையோட என் முன்னாடி உக்காந்து அழுதிருக்காங்கன்னு எனக்குத் தான் தெரியும். நான் வக்கீல், இந்த மாதிரி கேஸு நெறைய பாத்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிம்மா.

மொதல்ல சாவிய குடுக்காத. எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாத, ஓனர் நீட்டுனாலும் சரி, ஸ்டேஷன்ல நீட்டுனாலும் சரி, படிக்காம போடாத.

குடும்ப வன்முறை சட்டம்னு 2005ல வந்துச்சு, 2006 அக்டோபர்ல இருந்து நடைமுறைல இருக்கு. அதுல நீ புருஷனோட குடும்பமா வாழ்ந்த வீட்ட பகிர்ந்து வாழ்ந்த வீடுன்னு சொல்றாங்க, அது சொந்த வீடா இருந்தாலும் வாடகை வீடா இருந்தாலும், பத்திரம் ரெண்டு பேர் பேர்ல இருந்தாலும் ஒருத்தர் பேர்ல மட்டும் இருந்தாலும், அந்த வீட்டு மேல ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எந்த விதமான உரிமை இருந்தாலும் போதும். ஒத்தியும் அதுல வந்துரும். 17ஆவது பிரிவு தெளிவா சொல்லுது, அந்த வீட்டுல உனக்கு பேரு இருந்தாலும் இல்லாட்டியும் குடியிருக்க உரிமை உண்டு. பத்திரம் அவர் பேர்ல இருக்குங்கறது உன்ன வெளிய அனுப்புறதுக்கு காரணமே இல்ல.

உனக்கு முக்கியமா வேண்டியது 19ஆவது பிரிவு. மஜிஸ்திரேட்கிட்ட மனு போட்டா அவரு உன்ன வீட்டுல இருந்து வெளியேத்தக் கூடாதுன்னு உத்தரவு போடலாம், அவர வெளிய இருக்கச் சொல்லலாம், அவரும் அவர் சொந்தக்காரங்களும் நீ இருக்குற பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லலாம். இன்னொண்ணு இருக்கு, வீட்டு மேல தனக்கு இருக்குற உரிமைய கோர்ட் அனுமதி இல்லாம அவரு விட்டுக் குடுக்கவே கூடாதுன்னு தடை போடலாம். உன் வீட்டுக்காரர் இப்ப செய்றது அதே தான, நான் வீட்ட விடுறேன்னு ஓனர்கிட்ட சொல்றாரே, அதுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கு இந்த வரி. அந்த வீட்டுல இருக்கவே முடியாத நெலமைன்னா அதே தரத்துல வேற வீடு பாத்துக் குடு, இல்ல வாடகைய குடுன்னும் அவருக்கு உத்தரவு போட முடியும். உன் நகை சீதனம், அதத் திருப்பிக் குடுன்னு கேக்கவும் அதே பிரிவுல எடம் இருக்கு.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லிடறேன், இந்தச் சட்டம் உன் புருஷன் மேல தான் பாயும், ஓனர் மேல இல்ல. ஆனா ஒத்தின்னா என்ன? பணத்த திருப்பிக் குடுத்தா தான் வீடு, அதான கணக்கு. குடியிருக்குறவள தண்ணிய நிப்பாட்டி வெரட்டுறது எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஓனரம்மாவுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போகணும், ஒத்திப் பணத்துல இவ்ளோ என் நகைக் கடன், கேஸு நடக்குது, கோர்ட் சொல்லாம யாருக்கும் குடுக்காதீங்கன்னு. இது மெரட்டல் இல்ல, அவங்களுக்கும் பாதுகாப்பு தான்.

அடகுச் சீட்டு, எந்த தேதில பணம் எடுத்தன்னு பாஸ்புக்கு, அங்க இருந்து ஓனர் கணக்குக்கோ புருஷன் கணக்குக்கோ போன வரி, வட்டி கட்டுன ரசீது, இதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினல வேற வீட்டுல குடுத்து வை. பத்திரம் ரிஜிஸ்டர் ஆகலன்னு பயப்படாத, இருக்குறதுக்கு உள்ள உரிமைக்கு அது பெரிய தடை இல்ல, பணம் யாரோடதுன்னு காட்ட தான் சீட்டு வேணும். ஆஸ்பத்திரில காயத்தோட வர்றவங்கள பத்தி எழுதி வைக்கிற ஏ.ஆர். பதிவு இருக்கும், அதோட நகல கேட்டு வாங்கு. படியில விழுந்தேன்னு பதிவாயிருந்தாலும் தேதியும் காயமும் அதுல இருக்குல்ல, பக்கத்துல அவரு நின்னதால அப்படி சொன்னேன்னு மனுல எழுதலாம், இது எல்லா கோர்ட்டும் கேட்டுப் பழகுன விஷயம். ஸ்டேஷன்ல புகார வாங்குனதுக்கு சி.எஸ்.ஆர்.னு ஒரு ரசீது குடுத்தாங்களா? இல்லாட்டி போய் கேளு.

இப்ப எங்க போகணும்னா, கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கு, அங்க பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாங்க. அவங்க தான் உனக்கு நடந்தத எல்லாம் கேட்டு குடும்ப நிகழ்வு அறிக்கையா எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவாங்க, அதுக்கு காசு கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானமே பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டமே இருக்கு, போன்ல கேக்கணும்னா 15100. ராத்திரில ஆபத்துன்னா 181, இல்ல 112.

மனு போட்ட 3 நாளுக்குள்ள மொத விசாரணை, 60 நாளுக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. நெசத்துல இழுக்கும், அண்ணன் சொன்னதுல அது உண்மை தான். ஆனா அதுக்கு தான் 23ஆவது பிரிவுல இடைக்கால உத்தரவு இருக்கு, அவரு வராமலே கூட உன் வாக்குமூலத்த வச்சு போடலாம். மனுவோட அதையும் சேத்துக் கேக்கச் சொல்லு, மறக்காத.

தையல்மெஷின்:

அக்கா சொன்னதுக்கு மேல சட்டம் எனக்குத் தெரியாது, எனக்கு நடந்தத சொல்றேன். நான் செல்லூர்ல வாடகைக்கு இருந்தேன், அக்ரிமென்ட் அவர் பேர்ல தான். அவர் ராத்திரி வந்து கதவ ஒடச்ச அன்னைக்கு ரெண்டு பிள்ளையையும் தூக்கிட்டு ஓடுனவ தான், அம்மா வீட்டுல 2 மாசம் இருந்தேன். அப்ப எல்லாரும் சொன்னாங்க, நீயா வெளிய போயிட்ட இனி உரிமை போச்சுன்னு. அது பொய்யி. வெளிய போயிட்டாலும் உரிமை போகாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்குன்னு எனக்கு இலவசமா வந்த வக்கீலம்மா சொன்னாங்க. தற்காலிகமா தங்கியிருக்குற ஊர் கோர்ட்லயும் கேஸ் போடலாமாம், அதனால நீ பயந்து உசிலம்பட்டி போனாலும் அங்க உள்ள கோர்ட்ல போடலாம்.

எனக்கு இடைக்கால உத்தரவு வர 5 வாரம் ஆச்சு. அந்த 5 வாரமும் சோறு எறங்கல. வந்த அன்னைக்கு அந்தப் பேப்பர 4 ஜெராக்ஸ் போட்டு ஒண்ணு பையில, ஒண்ணு கடைல, ஒண்ணு அம்மாகிட்ட, ஒண்ணு கதவுக்குப் பின்னாடி ஒட்டி வச்சேன். உத்தரவு நகல் ஸ்டேஷனுக்கும் போகும், உதவி செய்யச் சொல்லி கோர்ட்டே ஸ்டேஷனுக்கு சொல்லலாம். அதுக்கப்புறம் ஒரு தடவ வந்து வாசல்ல கத்துனாரு, போன் பண்ணேன், இந்த தடவ போலீஸ் வந்து பேச்சுவார்த்தைக்கு கூப்பிடல, அவர கூட்டிட்டுப் போனாங்க. பாதுகாப்பு உத்தரவ மீறுனா 1 வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 20 ஆயிரம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் கூட.

நாள் குறிச்ச நோட்டு ஒண்ணு வை. என்ன தேதி, எத்தன மணி, என்ன சொன்னாரு, யாரு பாத்தாங்க. ஓனர் பேசுனதையும் எழுது. வாடகை வீட்டுல இருக்குறவங்க யாராவது இத படிச்சா ஒண்ணு சொல்றேன், வாடகைய உங்க கணக்குல இருந்து ஜிபேல போடுங்க, எந்த மாசத்துக்குன்னு எழுதி போடுங்க, ஓனர் வாங்க மாட்டேன்னா மணியார்டர் அனுப்புங்க. பாக்கி இருக்குன்னு ஒரு சொல்லு வந்துறக் கூடாது.

திருநகர்_மாடிவீடு:

நான் வீட்ட வாடகைக்கு விடுறவன், அதனால அந்த ஓனரம்மா பக்கம் என்ன ஓடும்னு சொல்றேன். எங்க வீட்டுலயும் இப்படி ஒரு பொண்ணு இருந்துச்சு. சண்டை சத்தம் கேட்டப்ப எல்லாம் குடும்ப விஷயம்னு டிவி சவுண்ட கூட்டி வச்சவன் நான், இப்ப நெனச்சா வயித்துல என்னமோ பண்ணுது. புருஷன் போனதுக்கப்புறம் அந்தப் பொண்ண காலி பண்ணச் சொன்னேன். காரணம் பயம் தான், வீட்டுக்கு போலீஸ் வரும், தெருவுல பேச்சு வரும், நாளைக்கு அவன் வந்து என் வீட்ட ஏன் அவளுக்கு குடுத்தன்னு கேப்பான்னு.

எம் பொண்டாட்டி தான் ஒரே கேள்வி கேட்டா, நம்ம மகளா இருந்தா எங்க போவான்னு. அதுக்கப்புறம் தான் விசாரிச்சேன். 2017 வாடகை சட்டம் 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு, அதுப்படி வாடகைதாரர வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாம வெளியேத்த முடியாது, தண்ணி கரண்ட்ட நிப்பாட்டுறதும் தப்பு. எனக்கு தெரியாமலே நான் தப்பு செய்யப் பாத்திருக்கேன். புது அக்ரிமென்ட் அந்தப் பொண்ணு பேர்லயே போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணேன். 3 வருஷம் இருந்துச்சு, ஒரு மாசம் கூட வாடகை தவறல.

ஓனரம்மாகிட்ட சண்டைக்குப் போகாதம்மா. கையில ஒரு கோர்ட் பேப்பர் இருந்தா ஓனருக்கும் தைரியம் வரும், அவன் கேட்டா நான் என்னப்பா செய்ய கோர்ட் உத்தரவுன்னு சொல்லிக்கலாம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஒரு சாக்கு தான் வேணும்.

மேலூர்_பாதை:

நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் தங்கச்சி. இவ்ளோ இருக்குன்னு தெரியாது. ஆனா ராத்திரி தனியா இருக்காத, அம்மாவையாவது வரச் சொல்லி கூட வச்சுக்க.

வைகை_வடகரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு படிச்சு அழுதுட்டேன். இன்னைக்கு கடைல பாதி நாள் லீவு சொல்லிட்டு கலெக்டர் ஆபீஸ் போனேன். பாதுகாப்பு அதிகாரி மேடம் ஒன்றரை மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க, யாருமே இதுவரைக்கும் முழுசா கேட்டதில்ல. இடைக்கால மனுவும் சேத்து போடச் சொன்னேன். அடகுச் சீட்டு ஒண்ணு மட்டும் காணல, பேங்க்ல நகல் கேட்டிருக்கேன்.

சாயங்காலம் ஓனரம்மாகிட்ட திருநகர் அண்ணன் எழுதுனத அப்படியே படிச்சுக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, உள்ள போயிட்டாங்க. ராத்திரி 8 மணிக்கு மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அம்மா நாளைக்கு காலைல பஸ்ஸுல வர்றாங்க.

கோர்ட்டுவாசல்_அக்கா:

பேங்க்ல நகல் தரலன்னா அந்த தேதி ஸ்டேட்மென்ட்ட வாங்கிக்க, அதுலயே நகைக் கடன் வரவு வச்சது இருக்கும். விசாரணை தேதி தெரிஞ்சதும் இங்க போடு.