புதுப்பிப்பு: பத்தமடை பாய் ஆர்டர் மெயில்கள் இப்போது தானாகவே சேர்கின்றன

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் அண்ணாச்சி, ஆர்டர் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்களை இறக்கிக்கொண்டிருந்தார், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் நாமே ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதி இதை ஓட்ட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது, கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்டர்பேர்டிலுள்ள ஃபில்டர் மெயிலை நகர்த்தும், டேக் போடும், ஆனால் இணைப்பை எடுத்து நமக்கு வேண்டிய பெயரில் சேமிக்காது. அதனால் ஒரு மேனிஃபெஸ்ட் (ஆட்-ஆனின் பெயர், அனுமதிகள் முதலியவற்றைச் சொல்லும் ஃபைல்), ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் மட்டும் வைத்துச் சின்ன ஆட்-ஆன் (தண்டர்பேர்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) எழுதினேன். 2020-இல் தண்டர்பேர்டின் 78ஆம் பதிப்போடு பழைய வகை ஆட்-ஆன்கள் நின்றுவிட்டன, பழைய நிரல் கிடைத்தால் அப்படியே ஒட்டாதீர்கள். புது மெயில் வந்ததும் எழும் நிகழ்வு, ஃபில்டர்கள் ஓடி முடிந்த பிறகுதான் வரும் என்பது ரொம்ப வசதி, ஃபில்டர் ஒதுக்கியதை மட்டும் ஸ்கிரிப்ட் பார்த்தால் போதும்.

சேமிக்கும் ஃபைலுக்குப் பெயர் வைப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வார்கள், மெயில் தலைப்பிலேயே பெயரும் '12/2' என்று தேதியும் எழுதி அனுப்புகிறார்கள், ஃபைல் பெயரில் அந்தச் சாய்கோட்டை மாற்றாமல் விட்டால் அதைத் துணை ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். சேமிப்பதும் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள்ளேதான், வேறு டிரைவ் கேட்டால் நடக்காது.

அப்புறம், மெயிலிலிருந்து பைத்தான் நிரலை ஓட்ட நினைப்பவர்கள் நேட்டிவ் மெசேஜிங்கை (ஆட்-ஆன் கணினியிலுள்ள வேறு நிரலோடு பேசும் வழி) பாருங்கள். தற்காலிகமாக ஏற்றிய ஆட்-ஆன், தண்டர்பேர்டை மூடித் திறந்தால் போய்விடும், சோதனை முடிந்ததும் எக்ஸ்பிஐ (ஆட்-ஆனை நிறுவுவதற்கான ஒரே தொகுப்பு ஃபைல்) ஆக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.