மறுமொழி: "பெயர்வுத்திறன்" வேண்டாம், பதியம் சரிவருமா?

அண்ணா, வணக்கம். ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய மென்பொருளை மற்றத் தளங்களிலும் ஓட வைக்கும் தன்மைக்கு (போர்ட்டபிலிட்டி) எங்கள் கையேட்டில் என்ன சொல் போடுவது என்பதில் நீங்கள் கேட்டது:

> பெயர்வுத்திறன் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இனி ஏன் கிளற வேண்டும்?

முதலில் ஊர்க் காரணம். போன கிழமை விசுவமடுவில் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்தேன். பலகையில் "மென்பொருள் பெயர்வு" என்று எழுதினதும் பின்வாங்கில் ஒருத்தன், "சேர், எந்த முகாமுக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் 2009க்குப் பிறகு பிறந்தவன்; வீட்டில் கேட்ட சொல். எங்களுக்குப் பெயர்வு என்றால் கூரைத்தகரத்தையும் கழற்றி மிசின் பெட்டியில் ஏற்றுவது.

அதை விட்டாலும் பொருள் பிழைக்கிறது. பெயர்ந்தால் பழைய இடம் வெறுமையாகும். மென்பொருள் அப்படிப் போவதில்லை. "மறுநடுகை" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதிலும் நாற்றை மேடையிலிருந்து பிடுங்கியாயிற்று.

அம்மா தேசி மரத்தில் பதி, அதாவது பதியம், வைப்பா. கிளையில் ஒரு விரலளவு பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தும்பைச் சுற்றி, பொலித்தீனால் இறுக்கிக் கட்டுவா. சில கிழமையில் பொலித்தீனுக்குள்ளால் வெள்ளை வேர் தெரியும். அதுவரை கிளைக்குத் தண்ணீர் தாய்மரத்திலிருந்துதான்.

தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் நடப்பதும் இதுதான். 1999இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர் தொடங்கியது. அவர்கள் தங்கள் தளத்துக்கு மட்டும் சுத்தமாக எழுதுவார்கள். லினக்ஸ், மேக் முதலியவற்றுக்கு ஏற்றவாறு ஆக்குவது வேறொரு குழு. அந்த வெளியீட்டு எண்ணின் வாலில், போர்ட்டபிள் என்பதற்கு, ஒரு "பி" ஒட்டியிருக்கும். ஓப்பன்பிஎஸ்டியில் உள்ள, மற்றத் தளங்களில் இல்லாத செயற்கூறுகளை (ஃபங்ஷன்) ஒரு தனி அடைவில் கூடவே வைத்து அனுப்புகிறார்கள். அதுதான் தும்பு.

அந்தத் தும்புக்குள் ஒன்று, எழுத்துச்சரத்தை அளவு மீறாமல் நகலெடுக்கும் ஸ்ட்ரெல்கொப்பி. 1998இல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்தது. லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் குனூவின் சி நூலகக்காரர் நெடுங்காலம் அதை ஏற்க மறுத்தார்கள். சண்டை கொஞ்சநஞ்சமில்லை! கடைசியில் 2023இல், 2.38ஆம் வெளியீட்டில் சேர்த்தார்கள். 25 வருடம். எங்கள் ஊர் வேலிச் சண்டைகள்கூட அதற்குள் முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு காலமும் ஓப்பன்எஸ்எஸ்எச் லினக்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே: பதியம் (போர்ட்), பதியமிடல் (போர்ட் செய்தல்), பதியத்தகைமை (போர்ட்டபிலிட்டி). கிளையை வெட்டித் தனியே நட்டால் அது வேறு மரம். 1995இல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து ஓப்பன்பிஎஸ்டி பிரிந்ததுபோல. அதற்குக் "கவை" (ஃபோர்க்) என்று ஏற்கெனவே பேசியிருக்கிறோம்.

கிளிநொச்சியிலிருந்து
தம்பி

---

தம்பி, தேசிமரம் நன்றாக இருக்கிறது. ஆனால் பதிப்பு, பதிவு, பதிவிறக்கம் எல்லாம் ஏற்கெனவே "பதி"யில் நிற்கின்றன. "பதியப் பதிப்பைப் பதிவிறக்குக" என்று எழுதிப் பார், நாக்குச் சுளுக்கும். "போர்ட்" என்றே விட்டால் என்ன?

---

அண்ணா, சுளுக்குகிறதுதான். "பதிய வெளியீட்டை இறக்குக" என்றால் தப்பலாம். "போர்ட்" என்று விட முடியாததற்குக் காரணம் எங்கள் கையேட்டிலேயே கிடக்கிறது. முதல் மொழிபெயர்ப்பில் ஒருவர் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பை, அதாவது அந்தத் தளத்துக்கு ஏற்றவாறு ஆக்கிய மென்பொருள்களின் தொகுப்பை, "துறைமுகங்கள்" என்று போட்டிருக்கிறார். வலையமைப்பின் போர்ட்டும், அதாவது கணினியில் இணைப்பு வந்துசேரும் எண்ணிட்ட வாசலும், அதே பக்கத்தில் துறைமுகம். வாசிக்கிறவன் காங்கேசன்துறைக்குத்தான் போவான்.

பதியத்தகைமை எனக்கும் கொஞ்சம் முறுக்காகத்தான் படுகிறது. "பதியமாகும் தன்மை" என்று விரித்து எழுதினாலும் குறையில்லை. வினையும் பெயரும் நின்றால் போதும்.

முதல் அத்தியாயத்தைப் பதியம் வைத்துத் திருத்தி ஞாயிறு அனுப்புகிறேன். ஓப்பன்எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் வலையமைப்புப் போர்ட் 22 மட்டும் துறை 22.