கூட்டத்துல வாய் வராத டெவலப்பர் ஆள்பழக்கம் தேடுறது எப்படி?

கொட்டகலை_கோடர்:
கொழும்பு கம்பனி ஒன்றுக்கு வீட்டுல இருந்தே பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை, ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும். வேலை ஓடுது. ஆனா கம்பனிக்கு வெளியில என்னைத் தெரிஞ்சவங்க யாருமில்ல. வேலை மாறணும்னா சிபாரிசுக்கு ஆள் வேணும்னு சொல்றாங்க. நாலு பேர் நின்னு பேசுற இடத்துல எனக்கு வாய் கட்டிப்போகும், சிங்களமும் தட்டுத்தடுமாறித்தான். மீட்அப் (டெவலப்பர் சந்திப்பு) எல்லாம் கொழும்புல, வார நாள் சாயங்காலம். முடிஞ்சு ஹட்டன் பஸ் பிடிக்கிறதே பெரும்பாடு. "தைரியமா பேசு" மாதிரி புத்தி வேணாம். எத எந்த வரிசைல செய்யணும், எது சொதப்பும்? அதச் சொல்லுங்க.

பதுளைப்_பக்கம்:
தம்பி, ஆள் தெரிஞ்சாத்தான் வேலைங்கிறது பாதி சரி. எந்த மாதிரி ஆள்ங்கிறதுலதான் விஷயமே. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லயே எழுதினது இது: புது வேலைத் தகவல் உயிர்க் கூட்டாளிகிட்ட இருந்து வாறதவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவங்ககிட்ட இருந்துதான் அதிகம் வருது. கூட்டாளிக்குத் தெரிஞ்சது அநேகமா உங்க காதுக்கும் வந்திருக்கும். வேற கம்பனில இருக்கிறவருக்குத் தெரிஞ்சது வந்திருக்காது. 2022ல லிங்க்ட்இன்ல 2 கோடிப் பேரோட தரவை வச்சுப் பார்த்த ஆய்வும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது. அதனால சபையக் கலகலப்பாக்குற திறமை வேணாம். உங்க வேலைய நேரா பார்த்த பத்துப் பேர் வெளியில இருந்தா போதும்.

ஜாவாக்காரருக்கு வழி கிட்டத்துலயே இருக்கு. கொழும்புல 2005ல தொடங்கின டபிள்யூஎஸ்ஓ2ங்கிற கம்பனியோட மென்பொருள்ல நிறைய திறந்த மூலம் (கோட யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம்), கிட்ஹப்ங்கிற கோட் தளத்துல கிடக்கு. அத எழுதுறவங்கள்ல பலர் இலங்கையிலதான் இருக்காங்க. ஒரே ஒரு ரெப்போவ (ஒரு திட்டத்தோட கோட் தொகுப்பு) தெரிவு செய்ங்க, அஞ்சு வேணாம். அண்மையில மூடின புல் ரிக்வெஸ்ட் ("என் திருத்தத்தச் சேர்த்துக்குங்க"ன்னு அனுப்புறது) ஒரு இருபதப் படிச்சுப் பாருங்க. யார் ரிவியூ பண்றாங்க, எதுக்குத் திருப்பி அனுப்புறாங்கன்னு பிடிபடும்.

முதல் பங்களிப்பு கோடா இருக்கவேணாம். விவரமில்லாமக் கிடக்கிற பிழை முறைப்பாடு ஒன்ன எடுத்து, உங்க மெஷின்ல அதே பிழைய வரவச்சு எழுதுங்க: எந்தப் பதிப்பு, எந்த ஜேடிகே (ஜாவா டூல்கிட்), எந்த ஓஎஸ், செய்த படிகள், வந்திருக்கவேண்டியது, உண்மையில வந்தது, லொக்ல தேவையான வரிகள் மட்டும். பராமரிக்கிறவருக்கு இதவிடப் பெரிய உபகாரம் கிடையாது. பிறகு சின்னத் திருத்தம்: ஒரு விஷயம், அதுக்கு ஒரு டெஸ்ட், நூறு வரிக்குள்ள. எழுதத் தொடங்குறதுக்கு முந்தி "இப்படிச் சரிசெய்யலாம்னு இருக்கேன், சரியா?"ன்னு அங்கேயே கேளுங்க. ஒரு கிழமை பதில் வரலன்னா ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல வேணாம். ஒரே ஆள் உங்க மூணு நாலு திருத்தத்தைப் பார்த்துட்டார்னா, கைகுலுக்கின நூறு பேரவிட அவருக்கு உங்களத் தெரியும்.

சொதப்புறது எங்கன்னா, எழுத்துப்பிழை திருத்தம் மாதிரி ஒண்ணுமில்லாதத வரிசையா அனுப்புறது. திறந்த மூலப் பங்களிப்ப ஊக்குவிக்க ஒக்டோபர்ல நடக்கிற ஹக்டோபர்ஃபெஸ்ட்ல, 2020ல அந்தக் குப்பை தாங்க முடியாமத்தான், விரும்பிச் சேர்ந்த ரெப்போக்களுக்கு மட்டும்னு விதியையே மாத்தினாங்க. இன்னொன்னு, உங்க வேலை ஒப்பந்தத்துல வெளிவேலை, கோட் உரிமை பத்தின பந்திய வாசிச்சுட்டு, சந்தேகம்னா எச்ஆர்கிட்ட ஈமெயில்ல கேட்டுப் பதில வச்சுக்குங்க.

கண்டி_கியூஏ:
அண்ணன் சொல்றது சரி, ஆனா முகமே காட்டாம இருக்கிறதும் முழுசா சரிவராது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும். வார நாள் மீட்அப்ப விட்டுட்டு சனிக்கிழமை முழுநாள் நிகழ்வாப் பாருங்க, பஸ் தலையிடி பாதி குறையும்.

போறதுக்கு முந்தியே பேச்சாளர்கள்ல ரெண்டு பேரத் தெரிவு செய்து, அவங்க எழுதினதப் படிச்சு, ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வைங்க. இருபது நிமிசம் முந்திப் போங்க. பிந்திப் போனா எல்லாரும் வட்டம் கட்டி நின்னுருவாங்க, உடைச்சு உள்ள போறது உங்களுக்கு நரகம். முந்திப் போனா தனியா நிக்கிறவங்கதான் இருப்பாங்க. பெயர் அட்டை கொடுக்க, கதிரை போட ஏற்பாட்டாளர்களுக்கும் ஆள் தேவைப்படும். கையில வேலை இருந்தா பேச்சு தானா வரும்.

அறிமுகம் ரெண்டே வசனம்: என்ன செய்றீங்க, இப்ப எந்தச் சிக்கல்ல மாட்டியிருக்கீங்க. ரெண்டாவதுதான் முக்கியம், எதிர்ல இருக்கிறவர் பிடிச்சுக்க அதுதான் கொழுக்கி. சிங்களம் ஓடலன்னா வெட்கப்படாம "மட்ட சிங்ஹல டிக்கக் தமயி புளுவன்"னு (எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும்) சொல்லிட்டு இங்கிலீஷுக்கு மாறுங்க. சொல்லாம ஒதுங்கி நின்னா தலைக்கனம்னு நினைப்பாங்க. விடைபெற "லிங்க்ட்இன்ல எழுதுறேன்" போதும், காரணம் தேட வேணாம்.

யார்கிட்ட என்ன பேசினீங்க, என்ன அனுப்புறதாச் சொன்னீங்கன்னு அன்னைக்கே போன்ல குறிச்சிடுங்க. பஸ் அவிசாவளை தாண்டுறதுக்குள்ள எழுதி முடிங்க, கித்துல்கல வளைவுல போனப் பார்த்தா தலைதான் சுத்தும். சொன்ன லிங்க்க ரெண்டு நாளைக்குள்ள அனுப்புங்க.

கொட்டகலை_கோடர்:
நன்றி அண்ணே, அக்கா. அந்த மெசேஜ் எழுதுறதுலதான் மாட்டுறேன். அறிமுகமே இல்லாத சீனியருக்கு எப்படி எழுதுறது?

பூண்டுலோயா_டெவொப்ஸ்:
இங்கிலீஷ்ல எழுதுங்க, அமைப்பு இது: "சனிக்கிழமை காஃப்கா பேச்சில் ரீட்ரை பற்றிச் சொன்னீர்கள். எங்கள் சேவையில் ஒரே செய்தி இரண்டு முறை செயலாகிறது. செயலான செய்திகளின் ஐடியை டேட்டாபேஸில் வைப்பீர்களா, ரெடிஸிலா? ஒரு வரிப் பதில் போதும்." அவ்வளவுதான். (காஃப்கா, சேவைகளுக்கு இடையில செய்தி கடத்துற மென்பொருள்; ரீட்ரைன்னா மறுமுயற்சி; ரெடிஸ், தரவ மெமரில வைக்கிற வேகமான சேமிப்பு.) பஸ்ல நின்னுக்கிட்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி. "ஹாய்" மட்டும் போட்டுக் காத்திருக்கிறது, முதல் மெசேஜ்லயே வேக்கன்சி கேக்கிறது, வொய்ஸ் நோட், இதெல்லாம் பதில் வராத வகை. லிங்க்ட்இன் இலவசக் கணக்குல குறிப்போட அனுப்புற அழைப்புக்கு மாச எல்லை இருக்கு, அதனால கண்டவங்களுக்குச் செலவழிக்காதீங்க.

பதில் கிடைச்சதும் நன்றி சொல்லி நிறுத்துறாங்க பாருங்க, அங்கதான் பழக்கம் அறுந்து போகுது. ரெண்டு கிழமை கழிச்சு "நீங்க சொன்ன மாதிரி டேட்டாபேஸ்ல வச்சோம், இரட்டிப்பு நின்னுது, ஆனா டேபிள் வளருது, பழைய வரிகளத் தினம் அழிக்கிறோம்"னு எழுதுங்க. சொன்னத ஒருத்தன் செய்து பார்த்தான்னு தெரிஞ்சா எந்த சீனியருக்கும் உங்க பெயர் ஞாபகம் நிக்கும். தீபாவளி வாழ்த்துப் படத்த ஃபோர்வர்ட் பண்றது தொடர்புல இருக்கிறதுன்னு கணக்கில்ல, சொல்லிட்டேன்.

எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போடுங்க: பெயர், எங்க பழக்கம், கடைசியா பேசின விஷயம், அடுத்து எழுதுற திகதி. மாசம் ரெண்டு பேருக்கு எழுதினாலே வருசத்துல பெரிய விஷயம்.

சிபாரிசு கேக்கிறது ரெண்டு மூணு தடவை இப்படிப் பேசின பிறகுதான். கேக்கும்போது வேலை விளம்பரத்தோட லிங்க், அதுக்கு நீங்க ஏன் பொருத்தம்னு மூணு வரி, பிடிஎஃப் சிவி, எல்லாத்தையும் ஒரே மெசேஜ்ல கொடுங்க. அவர் அத அப்படியே எச்ஆருக்கு அனுப்பக்கூடியதா இருக்கணும். "வசதிப்படலன்னா பரவாயில்ல"ன்னு ஒரு வரியும் சேருங்க. உங்க வேலையப் பார்க்காதவர் மறுத்தா அது நியாயம்தான்.

பதுளைப்_பக்கம்:
இன்னொரு விஷயம். யாராவது "ஒரு கோல் பேசலாம்"னு சொன்னா இருபது நிமிசத்துக்கு மேல கேக்காதீங்க, மூணு கேள்விய முந்தின நாளே அனுப்பிடுங்க. பேச்சு தடுமாறினாலும் எழுத்து அங்க இருக்கும். போயா (பௌர்ணமி) லீவுல போடலாம், ரெண்டு பக்கமும் ஆறுதலா இருப்பாங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் நம்ம பக்கம் பின்னேரமானா இடி மின்னல். ரவுட்டரக் கழட்டி வைக்கவேண்டி வரும். காலை நேரத்தக் கேளுங்க, வேற கம்பனி சிம் ஒன்னுல டேட்டாவும் போட்டு வைங்க.